"இதுக்கா முந்நூறு ரூபாய்?"

"துணி கிளிப்பை எடுத்து டப்பா விளிம்பிலே மாட்டுறதுக்கும் கழட்டுறதுக்கும் முந்நூறு ரூபாயா?"

2011-ஆம் வருஷம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டு நான் கேட்ட கேள்வி இது. யாரிடம் கேட்டேன், கேட்டதனால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெண்ணை ப்ளஸ் டூ படிக்க வைத்துக் கொண்டு, 'அடுத்து என்ன படிக்க வைப்பது, என்ன சம்பளம் வரும்' என்று மண்டையை உடைத்துக் கொள்ளும் தாய்மார்களுக்கு என் அனுபவம் கொஞ்சம் உதவலாம்.

எங்களுக்கு ஈரோடு. வீட்டுக்காரர் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அந்த வருஷம் ஆடி மாதம் ஒரு நாள் விடியற்காலை, கோலம் போடப் போன என் மாமியார் வாசலிலேயே சரிந்து விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து, பிசியோதெரபி கொடுத்துத் தடி பிடித்து நடக்கும் அளவுக்கு ஆக்கி அனுப்பினார்கள். கால் ஒருவாறு வந்துவிட்டது. கைதான் வரவில்லை. சோறு ஊட்ட வேண்டும், ரவிக்கை மாட்டிவிட வேண்டும், தலை வாரிவிட வேண்டும். ஐம்பது வருஷம் ஒரு குடும்பத்துக்கே ஆக்கிப் போட்ட மனுஷி, "எனக்கு ஏங் கண்ணு இந்தக் கெதி?" என்று அழுவதைப் பார்க்க முடியவில்லை.

டாக்டர்தான், "ஆக்குபேஷனல் தெரபி கொடுத்துப் பாருங்க" என்று சொல்லி ஒரு பெண்ணை அனுப்பினார். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு இருக்கும். பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் என்னமோ பெரிய கருவிகள் இருக்கும் என்று நான் எட்டிப் பார்த்தால், துணி கிளிப்பு, மொச்சைக் கொட்டை, பாட்டில் மூடிகள், ஒரு பழைய துண்டு!

வந்தவள் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, காலையிலே எந்திரிச்சதும் முதல்லே என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். அதுவரை எந்த டாக்டரும் கேட்காத கேள்வி.

"வாசத் தெளிச்சுக் கோலம் போடுவேன் கண்ணு."

"சரி, நாம கோலத்திலேயே ஆரம்பிப்போம்" என்றாள்.

அப்புறம்தான் கிளிப்பு, மொச்சைக் கொட்டை எல்லாம். அரை மணிக்கு மேல் அதே வேலை. எனக்குப் பொறுக்கவில்லை. கிளம்பும்போது கேட்டேவிட்டேன். அந்தப் பெண் முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் பொறுமையாகத்தான் பதில் சொன்னாள்:

"அக்கா, கோலப்பொடியைக் கிள்ளி எடுக்கணும்னா கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேரணும். அதுக்குத்தான் கிளிப்பு. நான் விளையாட்டுக் காட்ட வரலீங்க. நாலரை வருஷம் படிச்சிருக்கேன்."

நான் விடவில்லை. கத்திரிக்காய் வாங்குகிற மாதிரி பேரம் பேசி, இருநூறு ரூபாய்க்கு முடித்தேன். பஸ் சார்ஜும் அதிலேயேதான்.

வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாள். அவள் சொல்லிக் கொடுத்த சில விஷயங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். யார் வீட்டிலாவது பயன்படும். சட்டை, ரவிக்கை போடும்போது பலமில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். கொக்கியை எடுத்துவிட்டு ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டை தைத்துக் கொள்ளலாம். ஸ்பூன் காம்பில் துணியைச் சுற்றிப் பருமனாக்கினால் பிடி கிடைக்கும். தட்டுக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் தட்டு நகராது. ஆசாரியிடம் சொல்லி, பலகையில் துருப்பிடிக்காத இரண்டு ஆணி அடித்து வாங்கி வரச் சொன்னாள். உருளைக்கிழங்கை அந்த ஆணியில் குத்தி நிறுத்திவிட்டு, அத்தை இடது கையாலேயே நறுக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே!

இரண்டரை மாதத்தில் அத்தை தானே சாப்பிட்டார், தானே ரவிக்கை போட்டுக் கொண்டார். ஒரு தாம்பாளத்தில் வலது கையால் நாலு புள்ளி வைத்தார். "தீவாளிக்கு வாசல்லே போட்டுடலாம் பாட்டி" என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் போன் வந்தது. "அக்கா, எனக்கு இன்சூரன்ஸ் ஆபீசிலே வேலை கிடைச்சிருக்கு. இனிமே வரமாட்டேனுங்க. பாட்டிகிட்டே சொல்லிடுங்க."

படித்த படிப்பை விட்டுவிட்டு ஏன் போனாள் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் எல்லாரும் என்னைப் போலத்தானே பேரம் பேசியிருப்பார்கள்! "அந்தப் புள்ளை ஏன் வரலே?" என்று அத்தை பல நாள் கேட்டார். நான் வேறு பேச்சு பேசி மழுப்பினேன். பழகின ஆள் போனதும் பயிற்சியும் விட்டுப் போயிற்று. அவள் வந்திருந்தால் கை முழுசாக வந்திருக்குமா என்பதை யாரால் சொல்ல முடியும்? ஆனால் 2016-ல் அத்தை காலமாகும் வரை வாசலில் கோலம் போட்டது நான்தான்.

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என் மகள். அப்போது ப்ளஸ் ஒன். 2013-ல் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும், "அம்மா, அந்தக்கா படிச்ச படிப்பு படிக்கறேன்" என்றாள்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. "வேண்டாண்டி, அதிலே என்ன கிடைக்கும்?" என்று கத்தினேன். என்ன கிடைக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கொடுத்தவளே நான்தானே!

அவள் கேட்கவில்லை. "ஊர் பேர் தெரியாத படிப்பு" என்று சொன்ன அப்பாவிடம் போய், அது ஊர் பேர் தெரியாத படிப்பு இல்லை என்று புள்ளி விவரத்தோடு சொன்னாள். 1950-லேயே பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கென்று பள்ளி வந்துவிட்டதாம். தொடங்கியவர் அமெரிக்காவில் பிறந்து, நம் நாட்டுக்காரரை மணந்து இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர் என்ற அம்மையார். நம் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர் முயற்சியில் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. "விழுந்தவங்களை எழுப்பி வேலை பார்க்க வைக்கிற படிப்புப்பா" என்றாள். அவருக்கும் தன் அம்மாவின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சரி என்றுவிட்டார்.

கோவையில் ஒரு தனியார் கல்லூரி. நாலு வருஷம் படிப்பு, ஆறு மாதம் பயிற்சி. 2018-ல் முடித்தாள். கோவையிலேயே குழந்தைகளுக்கான ஒரு தெரபி மையத்தில் வேலை. சம்பளம் 12,000 ரூபாய்! அறை வாடகையும் சாப்பாடும் போக மாதக் கடைசியில் அப்பாவிடம்தான் கேட்பாள். "நான் அப்பவே சொன்னேன்லே?" என்று நானும் வாய் ஓயாமல் சொல்லிக் காட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவள், ஒரு தாளில் கணக்குப் போட்டு அப்பா முன்னால் வைத்தாள். "அப்பா, நான் ஒரு நாளைக்கு எட்டுக் குழந்தை பார்க்கறேன். ஒரு குழந்தைக்கு 400 ரூபா வாங்கறாங்க. நாளைக்கு 3,200. மாசம் இருபத்தஞ்சு நாள். 80,000 ரூபாப்பா!"

வீட்டுக்காரர் மண்டிக் கணக்கர் அல்லவா? கண்ணாடியை மாட்டிக் கொண்டு, "வாடகை கழி, கரண்ட் கழி, ஆயா சம்பளம் கழி, சாமான் தேய்மானம் கழி" என்று ஒவ்வொன்றாய்க் கழித்தார். எல்லாம் கழித்த பிறகும், பன்னிரண்டாயிரம் என்பது நியாயமாகப் படவில்லை. "போய்க் கேளு கண்ணு" என்றார்.

போய்க் கேட்டாள். மைய நிர்வாகி சொன்ன பதில்: "இது சேவைம்மா. இதிலே காசைப் பார்க்கலாமா?"

சகோதரிகளே, இந்த 'சேவை' என்ற வார்த்தையை நன்றாகக் கவனியுங்கள். பெண்கள் செய்கிற வேலைக்கு, அதுவும் குழந்தை, கிழவர், நோயாளி என்று வருகிற வேலைக்குத்தான் இந்தப் பட்டத்தைச் சூட்டுவார்கள். பெற்றவர்களிடம் கட்டணம் வாங்கும்போது அது சேவை இல்லை. வேலை செய்கிறவளுக்குச் சம்பளம் கொடுக்கும்போது மட்டும் சேவை! நானும் அந்தத் திண்ணையில் வேறு வார்த்தையில் இதைத்தானே சொன்னேன்?

2019-ல் அங்கிருந்து விலகி ஒரு மருத்துவமனையில் 18,000-க்குச் சேர்ந்தாள். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது, சம்பளம் பாதியாயிற்று. குழந்தைகளின் அம்மாக்களை போனில் கூப்பிட்டு, வீட்டில் என்னென்ன செய்யவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அந்தத் தாய்மார்கள்தான், "நீங்க ஈரோட்டுக்கே வந்து ஆரம்பிங்க மேடம்" என்று தைரியம் கொடுத்தவர்கள்.

நடுவில் கல்யாணப் பேச்சு. அது தனிக் கூத்து! "பொண்ணு ஓ.டி." என்றால், "ஆப்பரேஷன் தியேட்டர்லே வேலையா?" என்பார்கள். இன்னொரு சம்பந்தி அம்மாள், "மசாஜ் பண்ற வேலையா?" என்று முகத்தைச் சுளித்தார். கடைசியில் 2021-ல் அமைந்த மாப்பிள்ளை வீட்டில், பையனின் பாட்டியும் பக்கவாதத்தில் படுத்தவர். எங்களுக்கு விளக்கம் சொல்கிற வேலையே இருக்கவில்லை.

2022-ல் இங்கே இரண்டு அறை வாடகைக்குப் பிடித்து, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு தோழியோடு சேர்ந்து மையம் தொடங்கினாள். ஊஞ்சல், பெரிய பந்து, பாய் என்று அப்பா வாங்கிக் கொடுத்தார். பென்சில் பிடிக்கத் தெரியாத பிள்ளை, சட்டைப் பொத்தான் போட வராத பிள்ளை, மிக்சி சத்தம் கேட்டாலே அலறுகிற பிள்ளை, மூளை வாதம் வந்த பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை என்று வருகிறார்கள். "குணமாக்கிடுவேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இவனா சாப்பிடணும், இவனா பாத்ரூம் போகணும், அதுக்குத்தான் நாம பாடுபடறோம்" என்று அம்மாக்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்.

வருமானத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நாளைக்குச் சராசரி ஆறு குழந்தைகள், ஆளுக்கு 500 ரூபாய். முடியாதவர்களுக்குப் பாதிக் கட்டணம். வாடகைப் பங்கு, ஆயா சம்பளம், கரண்ட் எல்லாம் போகக் கைக்கு மாதம் 45,000 வரை நிற்கும். மே மாதம் லீவில் பாட்டி வீட்டுக்குப் பிள்ளைகள் போய்விட்டால் இருபதுதான். மழைக்காலத்தில் காய்ச்சல், இருமல் என்றால் இன்னும் குறையும். பென்ஷன் கிடையாது. ஆனால் நேரம் அவள் கையில் இருக்கிறது. 2023-ல் பிரசவமானபோது எட்டு மாதம் நிறுத்தினாள். பிறகு வாரத்துக்கு மூன்று நாள் என்று ஆரம்பித்து, மெல்ல மெல்லப் பழையபடி வந்துவிட்டாள். ஆபீஸ் வேலையென்றால் நடக்குமா?

"அரசாங்க வேலை இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, இடம்தான் குறைவு. 2024-ல் ரயில்வேயில் மருத்துவம் சார்ந்த 1,376 இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். அதில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு! ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய், படிகள் தனி. கிடைத்தால் பாக்கியம், அதை மட்டும் நம்பிப் படிக்க வைக்கக் கூடாது. மருத்துவமனைகள், மனநல மையங்கள், சிறப்புப் பள்ளிகள், முதியோர் இல்லங்கள் என்று தனியார் இடங்களில்தான் பெரும்பாலும் வேலை. முதுகலைப் பட்டம் இரண்டு வருஷம் படித்தால் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கவும் போகலாம்.

வெளிநாட்டுக் கனவும் இந்தப் படிப்பில் உண்டு. அமெரிக்க அரசின் 2024-ஆம் வருஷக் கணக்குப்படி, அங்கே இந்த வேலையில் இருப்பவர்களில் சரிபாதிப் பேர் வருஷத்துக்கு 98,340 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். கேட்டதும் தலை சுற்றுகிறதல்லவா? ஆனால் அங்கே இந்த வேலைக்கு முதுகலைப் படிப்பு வேண்டும். நம் படிப்பைச் சரிபார்க்க வேண்டும், தேசியத் தேர்வு எழுத வேண்டும், மாநில லைசென்ஸ் வாங்க வேண்டும், விசா கிடைக்க வேண்டும். என் மகளோடு படித்த ஒருத்தி இத்தனையும் தாண்டிப் போய்விட்டாள். இன்னொருத்தி பாதி வழியில் பணமும் பொறுமையும் தீர்ந்து, இப்போது வங்கித் தேர்வு எழுதிக் கொண்டிருக்கிறாள். இரண்டையும் மனசில் வைத்துக் கொள்ளுங்கள்.

பெண்ணைச் சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். சேர்க்கை விதிகளும் படிப்புக் காலமும் மாறக்கூடியவை என்பதால், அந்தந்த வருஷத்து விதியைக் கேட்டுக் கொள்ளுங்கள். கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது, உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு உண்டா என்று பாருங்கள். நாளைக்கு வெளிநாடு போக அது உதவும். அந்தக் கூட்டமைப்பு, குறைந்தது ஆயிரம் மணி நேரம் நேரடிப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஆகவே நோயாளிகள் வந்து போகிற மருத்துவமனை அந்தக் கல்லூரியோடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 2021-ல் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டு வந்தது. அதில் இந்தத் தொழிலும் சேர்ந்திருக்கிறது. படிக்காதவர்கள் 'தெரபிஸ்ட்' என்று பலகை மாட்டிக் கொள்வதைத் தடுக்கவும், படித்தவளுக்கு மதிப்புக் கூட்டவும் பதிவுதான் வழி. முடித்ததும் பதிவு விஷயத்தை விசாரித்துச் செய்யச் சொல்லுங்கள். முக்கியமாக, முதல் வேலைக்குப் போகும்போது சம்பளம், நேரம், எத்தனை குழந்தைகள் என்பதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். 'கேட்டால் தப்பாக நினைப்பார்களோ' என்று கூசக் கூடாது.

இதெல்லாம் எழுதுகிற நான் திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? போன வருஷம் வேலை அதிகமாகி, கல்லூரி முடித்த ஒரு பெண்ணை உதவிக்கு வைத்துக் கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். என் வாய் சும்மா இருக்கவில்லை. "புதுசா வர்ற புள்ளைதானே, ஒரு பன்னெண்டு குடு, போதும். வேலை கத்துக்கறா இல்லே?" என்றேன்.

"அம்மா!" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பார்த்த பார்வையில் எனக்குத் திண்ணையில் முகம் சுண்டி நின்ற அந்தப் பெண்தான் தெரிந்தாள். புதிதாக வந்தவளுக்கு 20,000 ரூபாய் என்று பேசி, தாளில் எழுதிக் கொடுத்தாள் மகள். அந்த மாதம் அவளுக்கு நின்றது குறைவுதான். ஆனால் அந்தப் பெண் இன்றுவரை வேலையை விடவில்லை. குழந்தைகளுக்கும் முகம் மாறவில்லை. தெரபியில் பாதி அதுதானாம்.

இப்போது சாயங்காலங்களில் மையத்தின் வாசலில் உட்கார்ந்து நோட்டில் பெயர் எழுதுவது என் வேலை. மாதத்துக்கு ஒருவராவது, "பந்து உருட்டி விளையாடறதுக்கா ஐந்நூறு ரூபா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. எனக்குக் கோபம் வருவதில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு தாம்பாளத்தில் வைத்த நாலு புள்ளியின் கதையைச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் பழைய கணக்கு நோட்டுகளைத் தூக்கிப் போடுகிறவர் இல்லை. 2011 நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'அம்மாவுக்கு கை பயிற்சி - 200' என்று இருபத்திரண்டு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றிலும் நான் பிடித்துக் கொண்டது நூறு. ஆக 2,200 ரூபாய்.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். கணக்குப்படி நான் அவளுக்கு இன்னும் கடன்காரிதான்.